பரணில் கிடந்த ரயில்



இந்தப் பகுதியில் மாமியார் தொல்லை, மருமகள் தொல்லை, பிள்ளைகள் படிப்பு, கணவரின் கோபம் என்று நம் பெண்கள் எழுதுவதையெல்லாம் ஒரு வரி விடாமல் படிப்பவள் நான். எனக்கும் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஆனால் என் பிரச்சினையைச் சொன்னால், 'இதெல்லாம் ஒரு பிரச்சினையா?' என்று கேட்டுவிடுவீர்களோ என்று தயங்கிக்கொண்டே இருந்தேன். நான் சொல்லப் போவது ஒரு பொம்மை ரயிலைப் பற்றி. தயவுசெய்து சிரிக்காமல் படியுங்கள்.

என் அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் வெல்டராக இருந்தார். 1955-ல் காந்தி ஜெயந்தியன்று நேரு திறந்து வைத்த ரயில் பெட்டித் தொழிற்சாலை அது. சுவிட்சர்லாந்துக்காரர்களின் டிசைனை வைத்துப் பெட்டி செய்ய ஆரம்பித்தார்கள் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். நாங்கள் குவார்ட்டர்ஸில் வளர்ந்தோம். நவராத்திரி வந்தால் எங்கள் வரிசையில் முக்கால்வாசி வீட்டில் கொலு இருக்கும். எல்லார் வீட்டிலும் படி, பொம்மை, கீழே ஒரு பார்க். எங்கள் வீட்டுப் பார்க்கில் மட்டும் ரயில் ஓடும்.

சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயில் என்று நினைத்துவிடாதீர்கள். 6 அடிக்கு 3 அடி பிளைவுட் பலகையில் தண்டவாளம் பதித்து, 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் ரயில். எஞ்சின் பர்மா பஜாரில் வாங்கியது. அடியில் இத்தாலி என்று போட்டிருக்கும். அதற்காக அப்பா எத்தனை மாதம் ஓவர்டைம் பார்த்தார் என்று அம்மாவுக்கு இன்றைக்கு வரை தெரியாது. எஞ்சினோடு இரண்டு வெளிநாட்டுப் பெட்டியும் வந்தது. அது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நம்ம பெட்டி எங்க, இது எங்க" என்று சொல்லிவிட்டு, பிஸ்கட் டப்பா தகரத்தையும் பைல் அட்டையையும் வெட்டித் தன் கையாலேயே ஆறு பெட்டி செய்தார். நான்தான் அசிஸ்டென்ட். ஜன்னல் வெட்டுவதுதான் கஷ்டம். ஒரு பெட்டிக்கு ஒரு பக்கம் ஜன்னல் வெட்டுவதற்குள் இரண்டு பிளேடு மழுங்கிவிடும். "மொத்தமா பெயின்ட்ல வரைஞ்சிடலாமேப்பா" என்று நான் சோம்பேறித்தனமாகச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "ஜன்னல் இல்லாட்டா அது பெட்டி இல்ல பாப்பா, டப்பா" என்பார். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

பார்க் வேலை முழுக்க என்னுடையது. பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைக் கிள்ளி மரம் செய்வேன். டிகாக்ஷன் இறக்கிய காபித் தூளை வெயிலில் காயவைத்து பெவிகால் பூசித் தூவினால் செம்மண் தரை. ரவைச் சல்லடையில் சலித்த மணல்தான் தண்டவாளத்து ஜல்லி. எரிந்த ஊதுவத்திக் குச்சி வேலி. உடைந்த கண்ணாடி குளம். கேழ்வரகு முளைப்பதற்கு மட்டும் தனித் தட்டு. அந்த ஈரம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வரவே கூடாது. ஒரே ஒரு சங்கடம், செட்டியார் பொம்மை ரயில் பெட்டியை விட நாலு மடங்கு உயரம். அவர் கடைக்கு முன்னால் ரயில் போனால், ரயிலையும் சேர்த்து விற்க வைத்திருக்கிறார் போல இருக்கும்!

1999-ல் எனக்குக் கல்யாணம் ஆனது. என் கணவருக்கு இருங்காட்டுக்கோட்டையில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. அதற்கு முந்தின வருடம்தான் இங்குள்ள ஹூண்டாய் தொழிற்சாலையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்திருந்தது. சீர்வரிசை இறக்கும்போது அண்டா, குத்துவிளக்கு, கட்டில், பீரோவோடு ஒரு பிளைவுட் பலகையும் டெம்போவிலிருந்து இறங்கியதைப் பார்த்து என் மாமியார் திகைத்துப் போனார். "இது எதுக்குங்க?" என்று சம்பந்தியைக் கேட்டார். "கொலுவுக்குங்க" என்றார் அப்பா, ரொம்ப சாதாரணமாக. என் மாமியார் தங்கமானவர். அதற்கு மேல் கேட்கவில்லை. பக்கத்து அறையைக் கொடுத்துவிட்டார்.

இந்த ஊரில் ரயில் கிடையாது. பாதை வரும், வரும் என்று நான் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். லாரிச் சத்தம், பெங்களூர் ரோட்டில் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் டிரெய்லர் சத்தம், சில ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் டிராக்கிலிருந்து உய்யென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ரயில் சத்தத்திலேயே வளர்ந்த எனக்கு முதல் வருடம் தூக்கமே வராது. ராத்திரி கணவர் ஷிப்ட் போன பிறகு அந்த அறையில் உட்கார்ந்து இரண்டு சுற்று ரயில் விட்டுவிட்டுப் படுப்பேன். அப்பா மாதம் ஒரு முறை வருவார். வந்தால் காபி குடிப்பதற்கு முன்பே தண்டவாளத்தைத்தான் பார்ப்பார். 2008 வரைக்கும் அப்படித்தான் போயிற்று.

2009-ல் அப்பா தவறிவிட்டார். அந்த வருடம் கொலு வைக்கவில்லை. அடுத்த வருடம் வைத்தேன், ரயிலும் விட்டேன். அப்போது வந்திருந்த என் நாத்தனார், நாலு பேர் சுண்டல் வாங்கிக்கொண்டிருக்கும்போது, "அண்ணி, வயசுக்கு வரப்போற பொண்ண வச்சுக்கிட்டு நீங்க ரயில் விட்டு விளையாடிக்கிட்டிருக்கீங்களே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் பலகையைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டேன்.

பிறகு 2015 டிசம்பர் மழை. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கட்டிலுக்குக் கீழே டிரங்குப் பெட்டியில் இருந்த அப்பாவின் பெட்டிகள் நனைந்து ஊறிவிட்டன. ஆறில் இரண்டுதான் தப்பின. எஞ்சின் அலமாரியில் இருந்ததால் பிழைத்தது. அதற்கும் அடுத்த வருடம் அந்த அறையை வாடகைக்கு விட்டோம். இங்கே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் வேலை பார்க்க எங்கெங்கோ இருந்து பெண் பிள்ளைகள் வருகிறார்கள் அல்லவா? அவர்கள் நாலு பேர் தங்கினார்கள். நானே சமைத்தும் போட்டேன். இன்றைக்கு அந்த வாடகையும் சாப்பாட்டுப் பணமும்தான் பாதிக் குடும்பத்தை ஓட்டுகிறது. ரயில் பரணுக்குப் போயிற்று.

ஏன் விட்டாய் என்று யாராவது கேட்டால் எனக்கு நாலு பதில் தயாராக இருக்கும். நாத்தனார் பேச்சு, வெள்ளம், இடம் இல்லை, நேரம் இல்லை. ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் சகோதரிகளே, உங்களிடம் மறைப்பானேன், நாத்தனார் பேசுவதற்கு முன்னாலேயே எனக்கு ஆசை விட்டுப் போயிருந்தது. அந்த 2010 கொலுவில் எஞ்சின் சுவிட்சைப் போட்டபோதே கையில் உயிர் இல்லை. ரயில் சுற்றி வந்தது. 'இப்ப என்ன?' என்று தோன்றியது. வளைவில் பெட்டி ஆடாமல் திரும்பினால் "பார்த்தீங்களா?" என்று நான் திரும்பிப் பார்க்கும் இடத்தில் அப்பா இல்லை. நாத்தனார் பாவம், எனக்கு ஒரு சாக்கு கொடுத்தாள், அவ்வளவுதான். அதற்காகப் பத்து வருடம் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அது என் தப்பு.

என் மகன் என்னைத் தேற்றுவதாக நினைத்து ஒரு நாள் போனில் வீடியோ காட்டினான். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் இரட்டைப் பிறவிச் சகோதரர்கள் 2001-ல் திறந்த பொம்மை ரயில் உலகமாம். ஆயிரத்துக்கு மேல் ரயில்கள், விமான நிலையம், மலை, கடல். நம் நாட்டில் புணேயில் ஜோஷி என்பவர் 1998-ல் திறந்த சின்ன ரயில் மியூசியத்தையும் காட்டினான். இங்கிலாந்தைச் சேர்ந்த ராட் ஸ்டூவர்ட் என்ற பாடகர் 20 வருடங்களுக்கு மேல் உட்கார்ந்து ஒரு நகரத்தையே ரயிலோடு செய்தாராம். கச்சேரிக்கு வெளியூர் போனால் அங்கும் ஓட்டலில் தனியாக ஒரு அறை எடுத்து இந்த வேலையைச் செய்வாராம். பையன் "பாத்தியாம்மா!" என்கிறான். எனக்கு உற்சாகம் வரவில்லை, இருந்த கொஞ்ச நஞ்சமும் போயிற்று. அவர்கள் எங்கே, காபித் தூள் காயவைக்கிற நான் எங்கே?

2022-ல் அவனுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய நேரம். கணவருக்குச் சம்பளம் முன்னைப் போல இல்லை. 2019-ல் கார் விற்பனை படுத்தபோது குறைந்த ஓவர்டைம் பிறகு திரும்பி வரவே இல்லை. அவருடைய நண்பருக்குத் தெரிந்த ஒருவர் பழைய வெளிநாட்டு ரயில் பொம்மைகளை வாங்குவதாகத் தெரிந்தது. எஞ்சின், தண்டவாளம், இரண்டு வெளிநாட்டுப் பெட்டி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். கணவர் தயக்கத்தோடுதான் கேட்டார். நான் "கொடுத்துடலாங்க, பரண்ல கெடந்து என்ன ஆகப் போகுது?" என்றேன். அழுகை கூட வரவில்லை. அதுதான் எனக்கே பயமாக இருந்தது.

பரணிலிருந்து இறக்கித் துடைத்து அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் தங்கியிருக்கும் பெண்களில் ஒருத்தி இரண்டாம் ஷிப்ட் முடிந்து ராத்திரி வந்தவள், தட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கள்ளக்குறிச்சிப் பக்கம், மலையடிவார ஊர். "இது ஓடுமாக்கா?" என்றாள். ஓடும் என்றேன். "ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்களேன். எங்க ஊர்ல ரயிலே இல்லக்கா. நான் மொத மொத ரயில்ல ஏறினதே இங்க வேலைக்கு வந்தப்புறந்தான்" என்றாள்.

நாலு தண்டவாளத் துண்டை மாட்டி, எஞ்சினை வைத்து, கரண்ட் கொடுத்தேன். உம்மென்று முனகிவிட்டு நின்றுவிட்டது. விரலால் தள்ளிவிட்டேன். ஒரு ஜாண் ஓடி நின்றது. "கெட்டுப் போச்சு போல. வாங்கறவர் கிட்ட சொல்லிடணும்" என்றேன். அவள் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, "குடுங்கக்கா பாப்போம்" என்று எஞ்சினைக் குப்புறப் போட்டாள்.

கம்பெனியில் அவளுக்கு நாள் முழுக்க சால்டரிங் வேலை. கண்ணுக்குத் தெரியாத புள்ளியில் ஈயம் வைத்து வைத்துப் பழகிய கை. அவள் பார்த்த பார்வையே வேறாக இருந்தது. முதலில் சக்கரத்தைக் காட்டினாள். சக்கரம் ஓரமெல்லாம் கருப்பாக அழுக்குக் கட்டி. ரயிலுக்குக் கரண்ட் தண்டவாளத்திலிருந்து சக்கரம் வழியாகத்தான் மோட்டாருக்குப் போக வேண்டும். நடுவில் தூசியும் எண்ணெயும் பாசி மாதிரி படிந்தால் வழி அடைத்துவிடும். இது எனக்கும் தெரியும். ஆனால் மறந்தே போயிருந்தேன். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தோம். தண்டவாளத்தை ரப்பர் போட்டுத் தேய்த்தோம். (நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தை மட்டும் தொடாதீர்கள், கீழே உள்ள பிளாஸ்டிக் கட்டை உருகிப் பாழாகிவிடும். நான் பட்ட பாடு!)

அப்படியும் ஓடவில்லை. அடிமூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு ஒயர் விட்டிருந்தது. அது சின்ன வேலை. ஆனால் பல் சக்கரத்தைச் சுற்றி கருப்பாக என்னவோ நூல் கண்டு மாதிரி இறுகியிருந்தது. ஊசியால் நெம்பி நெம்பி வெளியே இழுத்தாள். தலைமுடி. என் தலைமுடி. எனக்கு அந்தக் காலத்தில் இடுப்புக்குக் கீழே சடை. பலகை மேல் குனிந்து குனிந்து வேலை செய்ததில் உதிர்ந்த முடியெல்லாம் வருடக் கணக்கில் எஞ்சினுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லாம் நல்ல கறுப்பு முடி. நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் கணவர் எழுந்து வந்துவிட்டார்.

அவள் தன்னுடைய சால்டரிங் கோலைக் கொண்டுவந்து ஒயரை ஒட்டினாள். மெஷின் எண்ணெயைக் குண்டூசி நுனியில் தொட்டு, ஒரே ஒரு சொட்டு. கரண்ட் கொடுத்ததும் ஓடியது. பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு துண்டுத் தண்டவாளத்தில் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை. மணி ஒன்று. மற்ற மூன்று பெண்களும் தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்றார்கள். "அக்கா, வட்டமா போடுங்கக்கா" என்றாள் ஒருத்தி.

அன்றைக்கே ஆசை திரும்பி வந்துவிட்டது என்று எழுதினால் கதை மாதிரி இருக்கும். வரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கணவரிடம், "எஞ்சின் மட்டும் இருக்கட்டுங்க" என்றேன். வெளிநாட்டுப் பெட்டி இரண்டையும், தனியாக இருந்த ஒரு கட்டு தண்டவாளத்தையும் 5,000 ரூபாய்க்குக் கொடுத்தோம். மீதிப் பணத்துக்குச் சீட்டு எடுத்தேன். அதைச் சொல்லிக் காட்ட என் கணவருக்கு இன்றைக்கு வரை மனசு வரவில்லை. அதற்கு நன்றியை இந்தக் கடிதத்தில்தான் சொல்ல வேண்டும், நேரில் சொன்னால் கேலி செய்வார்.

எஞ்சின் அலமாரிக்கு வந்தது. ராத்திரி பெண்கள் வரும்வரை விழித்திருக்க வேண்டியதால் பத்து நிமிஷம், கால் மணி ஏதாவது தட்டிக்கொண்டிருப்பேன். கடமைக்குத்தான்.

அந்த வருடம் ஆவணி மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஒரகடம் வழியாக வாலாஜாபாத் போனோம். ரயில் நிலையம் பக்கத்தில் ஒரு நீளமான வண்டி நின்றுகொண்டிருந்தது. கார் ஏற்றுகிற வண்டி. நம் ஊர்ப் பக்கத்துக் கார்கள் அங்கிருந்துதான் ரயில் ஏறி வடக்கே போகின்றன. எனக்கு அது தெரியும், பார்த்ததில்லை. பார்த்ததும் என்னவோ உறுத்தியது. கூட்ஸ் வண்டி மாதிரி இல்லை. அந்தக் கூரை வளைவு, அடியில் இருக்கும் சக்கரக் கூடு, எல்லாம் நான் பிறந்ததிலிருந்து பார்த்தது. கிட்டே போய்ப் பார்த்தால், பக்கச் சுவரில் வரிசையாகச் சதுரம் சதுரமாகத் தழும்பு. ஜன்னல் இருந்த இடங்கள். தகடு வைத்து அடைத்திருக்கிறார்கள்.

அப்பாவோடு வேலை பார்த்த மாமா ஒருவருக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவருக்கு இப்போது 80-க்கு மேல். "ஆமாம்மா, நம்ம பெட்டிதான். ஜனங்கள ஏத்தி ஓடி வயசான பெட்டியை இப்பிடி மாத்திடுவாங்க. சீட்டெல்லாம் எடுத்துட்டு, ஜன்னலை அடைச்சு, தலைப்பக்கம் கதவு வச்சு, காரை அது வழியா உள்ள ஓட்டிக்கிட்டுப் போயிடலாம். என்.எம்.ஜி.ன்னு பேரு" என்றார். நியூ மாடிஃபைட் கூட்ஸ் என்பதன் சுருக்கமாம். பிறகு அவரே ஒன்று சொன்னார். அந்தப் பழைய டிசைன் பெட்டி செய்வதையே 2018 ஜனவரியோடு ஐ.சி.எஃப்.பில் நிறுத்திவிட்டார்கள், இப்போது எல்லாம் புது மாதிரிப் பெட்டிகள்தான். எனக்குத் தெரியாது. அப்பா இருந்திருந்தால் முதல் ஆளாகச் சொல்லியிருப்பார்.

'ஜன்னல் இல்லாட்டா அது டப்பா.' அங்கே நின்றுகொண்டு எனக்கு முதலில் தொண்டை அடைத்தது. அப்பா கையால் பற்றவைத்த பெட்டி ஒன்று அந்த வரிசையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதற்குள் என் கணவர் கம்பெனியில் செய்த பாகம் மாட்டிய கார் நிற்கலாம். இப்படி நினைத்துக்கொண்டே நின்றவளுக்குத் திடீரென்று வேறொன்று தோன்றியது. ஜன்னல் இல்லை! வெட்டவே வேண்டாம்! பிளேடு மழுங்காமல் ஒரு பெட்டி செய்துவிடலாம்! கல்யாண வீட்டில் தாம்பூலப் பை அட்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கனம் சரியாக வருமா என்று.

அன்று ராத்திரி கணக்குப் போட்டோம், மகனும் நானும். என் எஞ்சின் எச்.ஓ. என்கிற அளவு. நிஜத்தில் 87 அடி இருந்தால் பொம்மையில் ஒரு அடி. நம் பெட்டி நிஜத்தில் சுமார் 21.3 மீட்டர், அப்படியென்றால் பொம்மை 24.5 செ.மீ. (நம் புடவை அந்தக் கணக்குக்கு ஆறு செ.மீ. சொச்சம்தான். என் மகன் கணக்குப் போட்டுச் சொன்னான்.) தண்டவாளத்தில்தான் ஒரு பொய் இருக்கிறது. நம் அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் வரும். என்னிடம் இருக்கும் தண்டவாளம் ஐரோப்பாக்காரர்களின் 1,435 மில்லிமீட்டர் பாதைக்குச் செய்தது, 16.5-தான். மூன்று மில்லிமீட்டர் பொய். அதை நான் கண்டுகொள்ளவில்லை. செட்டியார் பொம்மை நிற்கும் ஊரில் மூன்று மில்லிமீட்டரா பெரிது?

பழைய காலண்டர் அட்டையை இரண்டாக ஒட்டிச் சுவர், கூரைக்கு ஈரத்துணியால் நனைத்து ஊதுவத்திக் குழாய் மேல் வளைத்துக் காயவைத்த அட்டை. அடைத்த ஜன்னலுக்குச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி மேலே ஒட்டினேன். வெட்டி எடுப்பதற்குப் பதில் வெட்டி ஒட்டுவது! சக்கரத்துக்கு மட்டும் மழையில் நனைந்த அப்பாவின் பெட்டிகளிலிருந்து கழற்றினேன். அட்டை ஊறிப் போயிருந்தாலும் சக்கரம் நன்றாகவே இருந்தது. அதைக் கழற்ற மூன்று நாள் மனசு வரவில்லை. சால்டரிங் பெண்தான், "அக்கா, சக்கரம் ஓடறதுக்குத்தானே?" என்று எடுத்துக் கொடுத்தாள்.

அந்த நவராத்திரிக்கு இரண்டு பெட்டி தயார். ஓட்டிப் பார்த்தால் நேரில் அழகாகப் போகிறது, வளைவில் தடம் இறங்குகிறது. தூக்கி வைத்தால் மறுபடியும் இறங்குகிறது. நீளமான பெட்டி வளைவில் திரும்பும்போது நடுப்பகுதி உள்ளே சாய்ந்து ஸ்டேஷன் தூணைத் தட்டுகிறது, முனை வெளியே நீண்டு அடுத்த பெட்டியை இடிக்கிறது. என்னுடைய வளைவு 36 செ.மீ. ஆரம் உள்ளது. தப்பிப் பிழைத்த அப்பாவின் பெட்டியை எடுத்து வைத்தேன், ஆடாமல் திரும்பியது. ஸ்கேல் வைத்து அளந்தேன். 19 செ.மீ.! அளவில் அவ்வளவு கறாரான மனிதர், ஜன்னலை வரையக் கூட விடாதவர், பெட்டியை ஐந்தரை செ.மீ. குறைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜன்னலில் ஒன்றிரண்டைக் குறைத்து, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் சரிக்கட்டியிருக்கிறார். 40 வருடம் கழித்து அவருடைய திருட்டுத்தனத்தைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அன்று ராத்திரி நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், கொஞ்சம் அழுதேன். 'பார்த்தீங்களா?' என்று திரும்பத் தோன்றியது. திரும்பினேன். பின்னால் அந்த நாலு பெண்களும் வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தார்கள். காலை ஷிப்டுக்குக் கிளம்பும் நேரம் ஆகியிருந்தது!

அதற்குப் பிறகு வந்த நவராத்திரிகளில் ரயில் நிற்கவில்லை. இப்போது கார் வண்டிப் பெட்டி ஐந்து, எல்லாம் 19 செ.மீ. கடைசியில் அப்பாவின் ஜன்னல் வைத்த பெட்டி ஒன்று. நிஜத்தில் அப்படி மாட்டமாட்டார்கள் என்று மாமா போனில் திட்டுகிறார். என் கொலு, நான் மாட்டுவேன். போன தடவை நாத்தனாரை நானே போய் அழைத்தேன். வந்தாள், சுண்டல் சாப்பிட்டாள், பேரனை மடியில் வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் ரயிலையே பார்த்தாள். "அண்ணி, இந்த வண்டி எங்க போவுது?" என்றாள். "வாலாஜாபாத்" என்றேன்.

சால்டரிங் பெண்ணுக்குக் கல்யாணமாகி ஊருக்குப் போய்விட்டாள். அவள் விட்டுப்போன கோலில்தான் இப்போது நானே ஈயம் வைக்கிறேன். இரண்டு முறை விரல் சுட்டுக்கொண்டேன்.

ஆசை எல்லா நாளும் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் தொடக்கூடத் தோன்றாது. ஆடி பிறந்ததும் கை தானாக அட்டையைத் தேட ஆரம்பிக்கும். முன்பு என்றால் அந்த மூன்று மாதமும் 'போச்சு, நமக்கு விட்டுப் போச்சு' என்று பயப்படுவேன். இப்போது ஒரு துணி போட்டு மூடி வைத்துவிட்டு மாவடு போடப் போய்விடுகிறேன்.

கடைசியாக ஒரு உதவி. ஐப்பசி மழை ஈரத்தில் என் அட்டைப் பெட்டிகளின் கூரை அப்பளம் மாதிரி நெளிந்துவிடுகிறது. உள்பக்கம் வார்னிஷ் பூசிப் பார்த்தேன், இன்னும் மோசமாக வளைந்தது. அரிசி டப்பாவில் போட்டு வைத்தால் கொஞ்சம் தேவலை. ஆனால் 19 செ.மீ. பெட்டி ஐந்துக்கு எவ்வளவு பெரிய டப்பா வேண்டும்? கொலு பொம்மை, அட்டை வேலை செய்யும் சகோதரிகள் யாருக்காவது இதற்கு வழி தெரிந்தால், இந்தப் பகுதிக்கே எழுதுங்கள். நான் ஒரு வாரம் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
இருங்காட்டுக்கோட்டை.